வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம்: இடைக்கால ஸ்காட்லாந்தில் தொழுநோயாளிகள்

ஸ்காட்லாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில், 1427-28இல் பெர்த் நகரில் கூடிய நாடாளுமன்றம் தொழுநோயாளிகளைப் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. ஆணானாலும் பெண்ணானாலும் அவர்கள் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களில் மட்டும், காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் ஊருக்குள் வரலாம். அந்த நாட்களில் சந்தையோ திருவிழாவோ வந்தால் அன்று வரக்கூடாது. மறுநாள் வந்து பிழைப்பைத் தேடிக்கொள்ளலாம்.

படிப்பவரைக் குழப்பும் சட்டம் இது. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்திருந்தால் வாரத்துக்கு மூன்று முறை ஊருக்குள் விட்டிருப்பார்களா? பயமே இல்லையென்றால் மீதி நேரமெல்லாம் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்? இடைக்காலத் தொழுநோயாளி என்றதும் மணியடித்துக்கொண்டு காட்டோரம் அலையும் முக்காடிட்ட உருவம்தான் பலருக்கும் நினைவில் வருகிறது. சட்டத்தில் தெரியும் மனிதரோ கடிகாரம் பார்த்துத் தெருவுக்குள் வருகிறார்; பிச்சை வாங்குகிறார்; குறித்த நேரத்தில் திரும்பிப் போகிறார்.

ஸ்காட்லாந்து நகரங்கள் இவர்களைத் துரத்தவுமில்லை, சேர்த்துக்கொள்ளவுமில்லை. வாசலில் வைத்திருந்தன. அந்த இடம் தற்செயலாக அமைந்ததல்ல. மதமும் சொத்தும் நகர நிர்வாகமும் சேர்ந்து கணக்கிட்டு ஒதுக்கிய இடம். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது, பிறகு எப்போது மாறியது என்பதைப் பார்ப்போம்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

தொழுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். மிக மெதுவாகப் பெருகும் கிருமி அது. உடலுக்குள் புகுந்து அறிகுறி தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம். மனிதர்களில் பெரும்பாலோருக்கு இயல்பாகவே அதை எதிர்க்கும் சக்தி உண்டு. நரம்புகள் பாதிக்கப்படுவதால் கை கால்களில் உணர்ச்சி போகிறது. உணர்ச்சி இல்லாத இடத்தில் காயம் பட்டாலும் தெரிவதில்லை. புண் ஆறாமல் விரல்கள் குறைகின்றன. கடுமையான வகையில் முகம் தடிக்கிறது, மூக்கின் எலும்பு கரைகிறது, குரல்வளை பாதிக்கப்பட்டுக் குரல் கரகரக்கிறது. குரலைப் பற்றிய இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

இடைக்கால ஐரோப்பாவில் கிருமி என்ற எண்ணமே இல்லை. உடலிலுள்ள நான்கு நீர்மங்களில் கரும்பித்தம் மிஞ்சுவதால் இந்த நோய் வருவதாக மருத்துவ நூல்கள் கூறின. கெட்டுப்போன இறைச்சி, அழுகிய மீன், கெட்ட காற்று, நோயாளியின் மூச்சு, பாவத்துக்குத் தெய்வம் தரும் தண்டனை என்று காரணங்களின் பட்டியல் நீண்டது. தொற்று அந்தப் பட்டியலில் ஒன்று மட்டுமே.

அந்தக் காலத்தில் படை, சொறி கண்டவரையெல்லாம் தொழுநோயாளி என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. தவறான முடிவுகள் நடந்திருக்கும்தான். ஆனால் டென்மார்க்கில் நேஸ்ட்வெட் என்ற ஊரில் தொழுநோயாளிகளுக்கான இடுகாட்டைத் தோண்டியபோது, அங்கே கிடந்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவற்றில் இந்த நோயின் அடையாளங்கள் தெளிவாக இருந்தன. ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஆர்க்னி தீவுகளில் கிடைத்த ஓர் இடைக்கால எலும்புக்கூட்டில் நோய்க் கிருமியின் மரபணுவே கிடைத்தது. முற்றிய நோயை அடையாளம் காண அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

நகரம் என்றால் என்ன?

சட்டங்களைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தேவை. அரசரின் சாசனம் பெற்று, சந்தை நடத்தும் உரிமையும் தனி நிர்வாகமும் கொண்ட ஊரை ஸ்காட்லாந்தில் பர்க் என்றார்கள். அங்கே வீடு, தொழில், வரி கட்டும் பொறுப்பு மூன்றும் உள்ளவர்களே முழு உரிமை பெற்ற நகரக் குடிகள். எடின்பரோ, ஸ்டெர்லிங், பெரிக், ராக்ஸ்பரோ ஆகிய நான்கும் பழைய பர்க்குகள். இந்த நகரங்களின் வழக்கத்தைத் தொகுத்த சட்டங்கள் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் டேவிட் அரசரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன.

நகர எல்லையில் வாசல்கள் இருந்தன. சந்தைக்கு வருகிறவர்கள் அவற்றின் வழியாகத்தான் வரவேண்டும். சுங்கம் அங்கே வசூலானது. தொழுநோயாளிகளை உட்கார வைத்த இடமும் அதுவே. ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் பிச்சை கிடைக்கும் இடமும்கூட.

சட்டங்கள் சொன்னவை

1. நான்கு பர்க்குகளின் சட்டப்படி, அரசரின் நகரத்தில் பிறந்த அல்லது வாழும் ஒருவருக்கு நோய் கண்டால், சொந்தப் பொருள் இருந்தால் அதைக் கொண்டு உண்டு உடுத்தி நகரத்தின் நோயர் இல்லத்தில் இருக்கவேண்டும். பொருள் இல்லாதவருக்காக நகரக் குடிகள் தங்களுக்குள் 20 ஷில்லிங் வரை வசூலித்துக் கொடுக்க வேண்டும்.

2. அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கக்கூடாது. நெடுஞ்சாலை வழியே ஊரைக் கடந்து போகலாம். ஊரின் முனையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் தானம் கேட்கலாம்.

3. எவரும் தொழுநோயாளி ஒருவரை நகரத்துக்குள் தம் வீட்டில் தங்க வைத்தால் தண்டம் உண்டு.

4. அப்போது ஸ்காட்லாந்துக்குச் சொந்தமாயிருந்த பெரிக் நகரத்தின் வணிகர் சங்கம் 13ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இன்னும் கடுமையானது. வாசலைத் தாண்டி வந்தவரைக் காவலாள் வெளியேற்ற வேண்டும். அதையே வழக்கமாக்கிக்கொண்டால் அவருடைய ஆடையைக் கழற்றி எரித்து, ஆடையின்றி வெளியே அனுப்ப வேண்டும். ஏனென்றால் நகருக்கு வெளியே தகுந்த இடத்தில் அவர்களைப் பராமரிக்கத் தானம் திரட்டப்படுகிறது என்று அந்த விதியே காரணமும் சொல்கிறது.

5. 1427-28ஆம் ஆண்டுச் சட்டம் மேலே சொன்ன நாட்களையும் மணியையும் குறித்தது. தேவாலயத்திலோ அதன் இடுகாட்டிலோ நகருக்குள் வேறெங்குமோ உட்கார்ந்து பிச்சை கேட்கக்கூடாது. தங்கள் இல்லத்தின் முன்னும் நகர வாசலிலும் நகருக்கு வெளியிலும் கேட்கலாம். ஆயர்கள் என்னும் திருச்சபைத் தலைவர்களும் அவர்களுடைய அதிகாரிகளும் பங்குகள் எனப்படும் தேவாலய வட்டாரங்களைப் பார்வையிடப் போகும்போது நோய் கண்டவர் எவரேனும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். அவர் தேவாலயக் குருவானால் ஆயருக்கும் பொதுமக்களில் ஒருவரானால் அரசருக்கும் தெரிவிக்க வேண்டும்.

முதல் விதியைக் கவனியுங்கள். அது நோயாளியை இரண்டாகப் பிரிக்கிறது: பொருள் உள்ளவர், இல்லாதவர். நோயாளிக்குச் சொந்தமாகப் பொருள் இருக்கலாம், அது அவருடையதாகவே நீடிக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. தொழுநோய் கண்டவருக்கு இறுதிச் சடங்கு நடத்தி, தலையில் மண்ணைத் தூவி, உயிரோடிருக்கும்போதே செத்தவராக்கிவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் கதையோடு இது பொருந்தவில்லை. செத்தவருக்குச் சொத்து கிடையாது.

திருமணத்திலும் அப்படித்தான். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் அளித்த தீர்ப்பின்படி தொழுநோய் திருமணத்தை முறிக்காது. கணவனோ மனைவியோ நோயுற்ற துணையைப் பின்தொடர்ந்து போகலாம். போகாவிட்டாலும் வேறு மணம் செய்ய முடியாது.

கெட்ட மீன் யாருக்கு?

பழைய ஸ்காட்லாந்துச் சட்டத் தொகுப்புகளில் இன்னொரு விதி உண்டு. சந்தைக்குக் கெட்டுப்போன பன்றி இறைச்சியோ சால்மன் மீனோ வந்தால், நகர அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்து எந்தக் கேள்வியுமின்றித் தொழுநோயாளிகளுக்கு அனுப்ப வேண்டும். ஊரில் தொழுநோயாளி எவரும் இல்லையென்றால் அதை முற்றிலும் அழித்துவிட வேண்டும்.

அழுகிய மீன் தொழுநோயை உண்டாக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில் எழுதிய விதி இது. ஏற்கெனவே நோயுற்றவரை அது மேலும் என்ன செய்துவிடும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். எப்படியானாலும் மனிதர் தின்னத் தகாதது என்று தாங்களே முடிவு செய்ததை அவர்களுக்கு உணவாக அனுப்பினார்கள். தானம் என்ற பெயரில் நடந்தவற்றை மதிப்பிடும்போது இந்த ஒரு விதியை மறந்துவிடக்கூடாது என்றே நினைக்கிறேன். கருணையும் இழிவும் ஒரே சட்டப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

தொற்றுப் பயம்தான் காரணமா?

பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நகரம் உண்மையிலேயே தொற்றுக்குப் பயந்தால் என்ன செய்யும் என்பதற்கு எடின்பரோவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

1497இல் ஐரோப்பாவுக்கே புதிதான ஒரு நோய் ஸ்காட்லாந்தை எட்டியது. கிராண்ட்கோர் என்று அங்கே சொன்னார்கள். இன்றைய பெயர் சிஃபிலிஸ். அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று ஓர் ஆணை பிறந்தது. நோய் கண்டவர்கள் அனைவரும், அதைக் குணமாக்குவதாகச் சொல்லிப் பணம் வாங்குவோரும் சேர்ந்து, லீத் கடற்கரையில் கூட வேண்டும். படகுகள் தயாராக இருக்கும். அவர்களை ஃபோர்த் கழிமுகத்திலுள்ள இஞ்ச்கீத் தீவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். மீறி ஊரில் தங்குவோரின் கன்னத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடப்படும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

1. புதிய நோயாளிகளைக் கடல் கடத்தினார்கள். தொழுநோயாளிகளுக்கு ஊரின் நெடுஞ்சாலையில் நடக்கும் உரிமை இருந்தது.

2. புதிய நோய்க்கான ஆணை அவசரத்தில் பிறந்தது. தொழுநோய்ச் சட்டங்கள் சில நூற்றாண்டுகளாக மெல்ல வளர்ந்து, வழக்கமாகி நிலைத்தவை.

3. தொழுநோய் பற்றிய விதிகளில் பெரும்பகுதி பிச்சையைப் பற்றியது: எங்கே கேட்கலாம், எப்போது கேட்கலாம், யார் கொடுக்க வேண்டும். மூச்சுக்காற்றைப் பற்றியும் தொடுதலைப் பற்றியும் அவை மிகக் குறைவாகவே பேசுகின்றன.

சந்தை நாளில் வரக்கூடாது என்ற விதியும் இதைத்தான் காட்டுகிறது. கூட்டம் அதிகமானால் தொற்று பரவும் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் சந்தை நாள் என்பது நகரத்தின் வருமான நாள். உருக்குலைந்த முகத்தைப் பார்த்து வியாபாரி முகம் சுளித்துவிடக்கூடாது என்ற கவலையே அந்த விதியில் எனக்குத் தூக்கலாகத் தெரிகிறது.

தானமும் ஜெபமும்

ஏன் முழுவதும் துரத்திவிடவில்லை? இதற்கு விடை அன்றைய கத்தோலிக்க நம்பிக்கையில் இருக்கிறது.

இறந்த ஆன்மா நேரே மோட்சத்துக்குப் போவதில்லை. உத்தரிக்கும் ஸ்தலத்தில் தன் பாவங்களுக்கு வேதனைப்பட்டுத் தீர்த்த பிறகே போகும் என்பது நம்பிக்கை. அந்த வேதனைக் காலத்தைக் குறைக்க உயிரோடிருப்பவர்களின் ஜெபம் உதவும். யாருடைய ஜெபத்துக்கு மதிப்பு அதிகம்? துன்பப்படுபவரின் ஜெபத்துக்கு. தொழுநோயாளி தன் உத்தரிப்பை இந்தப் பூமியிலேயே அனுபவிக்கிறார் என்று குருமார் போதித்தார்கள். செல்வந்தன் வாசலில் புண்களோடு கிடந்த லாசரஸ் மோட்சத்துக்குப் போனதும், செல்வந்தன் நரகத்தில் விழுந்ததும் விவிலியக் கதை. ஒவ்வொரு வியாபாரிக்கும் தெரிந்த கதை. பாவத்தின் தண்டனை என்றும் தெய்வத்தின் அருள் என்றும் ஒரே நோயை அவர்கள் இரு விதமாகப் பார்த்தார்கள். இரண்டு பார்வைகளும் ஒருவர் மனத்திலேயே சேர்ந்திருந்தன.

ஆகவே இது ஒரு கொடுக்கல் வாங்கல். கொடுப்பவர் நிலத்தையோ பணத்தையோ கொடுத்தார். பெறுபவர் அவருடைய ஆன்மாவுக்காக ஜெபித்தார். தொழுநோயாளி கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. வாசலில் இருந்தாக வேண்டும்.

கிளாஸ்கோவில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கிளைட் ஆற்றுப் பாலத்தின் தென்கரையில், இன்று கார்பல்ஸ் எனப்படும் பகுதியில், புனித நினியன் பெயரில் ஒரு தொழுநோயர் இல்லம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் லாக்கோ சீமாட்டி அதை நிறுவியதாக மரபு. 1494இல் வில்லியம் ஸ்டூவர்ட் என்ற குரு அங்கிருந்த சிற்றாலயத்துக்கு மானியம் எழுதி வைத்தார். பதிலுக்கு இல்லத்திலிருந்தவர்கள் ஆலய மணியை அடித்து அவருடைய ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும். இல்லத்தின் இடத்தையும் பாருங்கள். தெற்கிலிருந்து நகரத்துக்கு வரும் எவரும் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஆறு பிரித்துவைக்கிறது, பாலம் ஆட்களைக் கொண்டுவருகிறது.

இல்லங்களுக்குள்

மருத்துவமனை என்ற சொல்லால் இந்த இல்லங்களைக் குறிப்பதுண்டு. ஆனால் சிகிச்சை அங்கே முதன்மையில்லை. சில அறைகள், ஒரு சிற்றாலயம், தோட்டம், இடுகாடு, இவ்வளவுதான். 1179இல் கூடிய, மூன்றாம் லாத்தரன் எனப்படும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம், தொழுநோயாளிகள் கூடி வாழும் இடத்தில் அவர்களுக்கென்று தனி ஆலயமும் இடுகாடும் குருவும் வைத்துக்கொள்ள அனுமதித்தது. அவர்களுடைய தோட்டத்துக்கும் கால்நடைக்கும் தசமபாக வரியை நீக்கியது.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், அபர்டீன், கிளாஸ்கோ, எடின்பரோ, ஏர்ஷயரில் பிரெஸ்ட்விக்குக்கு அருகே கிங்கேஸ் என்று பல இடங்களில் இத்தகைய இல்லங்கள் இருந்தன. பெரும்பாலும் சிறியவை. கிளாஸ்கோ இல்லத்தில் 1589ஆம் ஆண்டுப் பதிவின்படி ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வணிகர், ஒருவர் செருப்புத் தைப்பவர், இருவர் தையல்காரர்கள், ஒருவர் பாத்திரம் பழுது பார்ப்பவர். மற்றொருவரைத் தந்தையின் பெயரைச் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். எங்கிருந்தோ அலைந்து வந்த அனாதைகள் என்று இவர்களை நினைக்க இடமில்லை. தொழிலும் குடும்பமும் உள்ள நகரத்து மனிதர்கள். பாலத்துக்கு அக்கரையில் தாங்கள் வேலை செய்த தெரு இருந்தது.

கையிலிருந்த பொருட்கள் இரண்டு முக்கியமானவை. ஒன்று பிச்சைக் கிண்ணம். மற்றொன்று மரத்தட்டுப் பலகை. இரண்டு மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அசைத்தால் சடசடவென்று ஒலிக்கும். இது மற்றவர்களை விலகச் சொல்லும் எச்சரிக்கை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் குரல்வளை கெட்டவர் உரத்துக் கேட்க முடியாது. தானம் கொடுப்பவரை அழைக்கும் ஒலியும் அதுதான். விலகவும் நெருங்கவும் ஒரே கருவியைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

ஒரு கவிதை காட்டும் காட்சி

15ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் டன்ஃபெர்ம்லினில் பள்ளி ஆசிரியராக இருந்ததாகச் சொல்லப்படும் ராபர்ட் ஹென்றிசன், ஸ்காட்ஸ் மொழியில் 'கிரெசைடின் மரண சாசனம்' என்ற கவிதையை எழுதினார். கதை கிரேக்கப் புராணத்தில் வரும் ட்ராய் போரின் காலத்தில் நடக்கிறது. ஆனால் அதில் வரும் தொழுநோயர் இல்லம் அப்பட்டமாக ஸ்காட்லாந்துக்குரியது. சட்டப் புத்தகத்தில் கிடைக்காத பலவும் இங்கே கிடைக்கின்றன.

காதலனைக் கைவிட்ட கிரெசைடு தெய்வங்களைப் பழிக்கிறாள். தெய்வங்கள் கூடி அவளுக்குத் தொழுநோயைத் தண்டனையாக விதிக்கின்றன. கண்ணில் இரத்தம் கலக்கும், தெளிந்த குரல் கரகரக்கும், முகத்தில் கரும்புள்ளிகள் எழும் என்று ஹென்றிசன் பட்டியலிடுகிறார். நோயாளிகளை நேரில் கண்டவர் எழுத்து அது.

பிறகு நடப்பதுதான் முக்கியம். அவளை யாரும் கல்லெறிந்து துரத்தவில்லை. தன்னை அறிந்தவர் பார்க்காதபடி ஊர்முனையிலுள்ள இல்லத்துக்குக் கூட்டிப்போகும்படி அவளே தந்தையிடம் கேட்கிறாள். மேலங்கியும் தொப்பியும் அணிந்து, கிண்ணத்தோடும் தட்டுப்பலகையோடும், ஒரு மறைவான வாசல் வழியே போகிறாள். தந்தை நாள்தோறும் தன் தானத்தில் ஒரு பகுதியை அனுப்புகிறார். அந்த வீட்டின் வெட்கமும் பாசமும் ஒரே வாசல் வழியாக வெளியே போகின்றன.

இரவெல்லாம் புலம்பும் அவளிடம் இன்னொரு தொழுநோயாளிப் பெண் வந்து பேசுகிறாள். சுவரில் முட்டிக்கொண்டு என்ன பயன், தட்டுப்பலகையை அசைக்கக் கற்றுக்கொள், தொழுநோயர்களின் சட்டப்படி வாழப் பழகு என்கிறாள். அவர்களுக்கென்று ஒரு சமூகமும் ஒழுங்கும் இருந்ததை இந்த ஒரு பேச்சு காட்டிவிடுகிறது. வழியே போகும் ட்ராய்லஸ், தன் பழைய காதலியை அடையாளம் தெரியாமலேயே, ஏதோ நினைவு தட்டப் பொற்காசுப் பையை அவள் மடியில் எறிந்துவிட்டுப் போகிறான். கூட்டத்தார் அதைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் கிரெசைடு சாசனம் எழுதுகிறாள்: கிண்ணமும் தட்டுப்பலகையும் தன்னிடமிருந்த பொன்னும் தொழுநோயர்களுக்கு, மோதிரம் ட்ராய்லசுக்கு. உயிரோடிருக்கும்போதே செத்தவளாக எண்ணப்பட்ட ஒருத்திக்குச் சாசனம் எழுத உரிமை ஏது?

நோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டும் கவிதைதான் இது. அதிலும் ஒரு பெண்ணின் காமத்துக்கான தண்டனையாக. அந்தப் பார்வையை ஏற்க முடியாது. ஆனால் இல்லத்துக்குள் இருந்தவர்களை இவ்வளவு நெருக்கத்தில், மனிதர்களாகவே காட்டிய அக்கால எழுத்துகள் மிகச் சில.

அரசருக்கு வந்தால்?

ஸ்காட்லாந்தின் விடுதலைப் போரை நடத்திய அரசர் ராபர்ட் புரூஸ் 1329 ஜூன் 7 அன்று இறந்தார். அவருக்குத் தொழுநோய் என்று ஆங்கிலேய வரலாற்றுக் குறிப்பாளர்கள் எழுதினார்கள். அவருடைய வரலாற்றைக் காவியமாகப் பாடிய ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜான் பார்பர், போர்க்கால அலைச்சலில் குளிரில் படுத்ததால் வந்த நோய் என்றார். 1819இல் அவருடைய மண்டையோட்டிலிருந்து எடுத்த அச்சை ஆராய்ந்த கனடா ஆய்வாளர்கள் 2017இல் தொழுநோய்க்கான சான்று இல்லை என்று அறிவித்தார்கள். எதிரி அரசரின் நோயைத் தெய்வ தண்டனையாகக் காட்டும் ஆசை அந்தக் குறிப்புகளில் இருந்திருக்கிறது.

அவருக்கு என்ன நோய் என்பதைவிட, அவரை எப்படி நடத்தினார்கள் என்பதே நமக்கு முக்கியம். 1328 மார்ச்சில் இங்கிலாந்தோடு அமைதி ஒப்பந்தம் ஹாலிரூட்டில் அவர் நோயுற்றுப் படுத்திருந்த அறையில்தான் முடிவானது. பிரபுக்களும் ஆயர்களும் சுற்றியிருந்தார்கள். 1329இன் தொடக்கத்தில் புனித நினியன் கல்லறையுள்ள விட்டோர்னுக்கு யாத்திரை போனார். அவரை எவரும் ஊர்முனையில் உட்காரச் சொல்லவில்லை. கிங்கேஸ் இல்லத்துக்கு அவர் கொடை அளித்ததாக ஏர்ஷயர் மரபு சொல்கிறது. தொழுநோய் என்ற வதந்தி எவ்வளவு பரவியிருந்தாலும் பதவி அதற்கு மேலே நின்றது.

1560க்குப் பிறகு

1560இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தை நீக்கியது. திருப்பலிப் பூசையைத் தடை செய்தது. நாடு புராட்டஸ்டண்டு வழிக்கு மாறியது. உத்தரிக்கும் ஸ்தலம் என்ற போதனை அடியோடு மறுக்கப்பட்டது.

இதன் விளைவு தொழுநோயர் இல்லத்தின் வாசல்வரை வந்தது. ஆன்மாவுக்காக ஜெபிப்பது வீண் என்றால், ஜெபிப்பவருக்குத் தானம் எதற்கு? நோயாளியிடம் நகரம் பெற்றுக்கொள்ள இனி ஒன்றுமில்லை. அவர் நகர மன்றத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரியானார். ஒழுங்குபடுத்த வேண்டிய ஏழைகளில் ஒருவரானார். மனிதநேயம் அற்றுப்போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னிருந்த பிடிப்பு தளர்ந்துவிட்டது.

1591ஆம் ஆண்டு இரண்டு நகரங்களில் நடந்தவை இந்த மாற்றத்தின் இரு பக்கங்களையும் காட்டுகின்றன.

எடின்பரோவில் கால்டன் குன்றின் அடிவாரத்திலுள்ள கிரீன்சைடில், பழைய துறவியர் மடம் இருந்த இடத்தில், நகர மன்றம் தொழுநோயர் இல்லத்தைத் திறந்தது. ஐந்து பேரைச் சேர்த்தார்கள். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை கதவு பூட்டியிருக்க வேண்டும். அவர்கள் இல்லத்தை விட்டு எங்கும் போகக்கூடாது. முறை வைத்து ஒருவர் வாசலில் தட்டுப்பலகையோடு உட்கார்ந்து எல்லாருக்குமாகப் பிச்சை கேட்கலாம். மீறினால் தூக்கு. வாய்ப்பேச்சாகச் சொன்னதல்ல, கட்டடத்தின் பக்கச் சுவரை ஒட்டித் தூக்குமரம் நட்டுவைத்தார்கள்.

அந்த ஐவரில் இருவருடைய மனைவியர் நோயில்லாதவர்கள். தாங்களாகவே விரும்பிக் கணவரோடு உள்ளே போனார்கள். பூட்டிய கதவையும் தூக்குமரத்தையும் தெரிந்தே போனார்கள்.

அதே 1591இல் அபர்டீன் தொழுநோயர் இல்லத்துக்கு அரசர் ஆறாம் ஜேம்ஸ் ஒரு சாசனம் அளித்தார். பீட் என்பது சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்து எரிக்கும் மண்கட்டி. வடக்கு ஸ்காட்லாந்தில் அடுப்பெரிக்க அதுதான். அபர்டீன் சந்தைக்கு விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சுமையிலிருந்தும் ஒரு கட்டி தொழுநோயர்களுக்கு என்பது சாசனம். அந்தக் குளிரில் அது சிறிய உதவியல்ல.

1610இல் கிளாஸ்கோ நகர மன்றம் இட்ட ஆணையில் தொனி இன்னும் மாறுகிறது. நோயாளிகள் தெருவில் சாக்கடையோரமாக மட்டும் நடக்க வேண்டும். தட்டுப்பலகை வைத்திருக்க வேண்டும். வாயையும் முகத்தையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தானமோ பதிலோ கிடைக்கும்வரை எட்டி நிற்க வேண்டும். மீறினால் ஊரிலிருந்தும் இல்லத்திலிருந்தும் வெளியேற்றம். உடலையும் முகத்தையும் மூச்சையும் நேரடியாகப் பேசும் ஆணை இது. இடைக்காலக் கொடுமை என்று நாம் நினைப்பதில் முக்கியமான ஒரு பகுதி, இடைக்காலம் முடிந்து, அச்சகமும் பல்கலைக்கழகங்களும் பெருகிய பிறகு வந்தது.

நோய் மறைந்தது, படம் நின்றது

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் நோய் அருகியது. ஷெட்லாந்து தீவுகளில் அதிக நாள் நீடித்தது. பாப்பா ஸ்டூர் என்ற சிறு தீவில் நோயாளிகளைத் தனிக் குடிசைகளில் வைத்தார்கள். நோய் நீங்கியதற்காக 1742இல் ஷெட்லாந்தில் நன்றி வழிபாடு நடத்தினார்கள். கிருமி வீரியம் இழந்ததா என்றால் இல்லை: இடைக்கால எலும்புகளிலிருந்து எடுத்த கிருமி மரபணுத் தொகுதிகள் இன்றைய கிருமியோடு பெரிதும் ஒத்திருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரின் எதிர்ப்புத் திறன், காசநோயின் பரவல், கொள்ளைநோய்ச் சாவுகள், உணவு, வீட்டுவசதி ஆகியவற்றை ஆய்வாளர்கள் காரணங்களாக விவாதிக்கிறார்கள்.

இடைக்காலத் தொழுநோயாளியைப் பற்றி இன்று நிலவும் படத்துக்குப் பெரும் பங்களித்தது 19ஆம் நூற்றாண்டு. குளோரோஃபார்மை மயக்க மருந்தாக்கிய எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன், 1840களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து தொழுநோயர் இல்லங்களைப் பற்றிய பழம்பதிவுகளைத் திரட்டி வெளியிட்டார். மேலே சொன்ன விதிகள் பலவும் அவருடைய தொகுப்பால் பரவலாகத் தெரியவந்தவை. கிருமி கண்டறியப்பட்ட பிறகு, காலனி நாடுகளில் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க விரும்பியவர்கள், பழைய ஐரோப்பா பிரித்து வைத்துத்தான் நோயை ஒழித்தது என்று வாதிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் நகர வாசலைத் திறந்துவைத்த சட்டம் அந்த வாதத்துக்கு ஏற்றதாக இல்லை. தூக்குமரம் ஏற்றதாக இருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவிலும் இந்த விவாதம் நடந்தது. 1890-91இல் இங்கு வந்த தொழுநோய் ஆணைக்குழு, நோய் பரவுவதில் தொற்றின் பங்கு மிகக் குறைவு, கட்டாயப் பிரிப்பு தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது. இருந்தும் 1898இல் தொழுநோயர் சட்டம் இயற்றப்பட்டது. அது எல்லா நோயாளிகளுக்குமானதல்ல. பொது இடத்தில் பிச்சை கேட்பவர், பிழைக்க வழி இல்லாதவர் என்று வறிய நோயாளிகளைத் தனியே வரையறுத்து அவர்களைப் பிடித்து அடைக்க வழி செய்தது; சொந்தப் பொருளில் வாழ்பவரை விட்டுவிட்டது. நான்கு பர்க்குகளின் சட்டமும் பொருள் உள்ளவர், இல்லாதவர் என்றே பிரித்தது. ஆனால் அங்கே இல்லாதவருக்கு 20 ஷில்லிங் திரட்டித் தரும் கடமை நகரக் குடிகளுக்கு இருந்தது. இந்தியச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.